பாட்டை நிறுத்தியவள்

அந்த வீட்டில் காலையில் அடுப்பு சூடாகும் முன்பே ஆம்ப்ளிஃபயர் சூடாகிவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேருந்துப் பணிமனையின் பின்பக்கச் சந்து அது. வண்டிகளின் உறுமலுக்குப் பாட்டு எவ்வளவோ தேவலை என்பதால் கேலியோடு விட்டுவிட்டார்கள். சண்டைக்கு யாரும் வந்ததில்லை.

முன் அறையில் உட்கார இடம் கிடையாது. டிரம்ஸ் பெட்டிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஆணிகளில் வயர்ச் சுருள்கள் தொங்கும். கீபோர்டு ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஜன்னலடியில் கிடக்கும். விருந்தாளி வந்தால் ஸ்பீக்கர் மேல்தான் உட்கார வேண்டும். "பாத்து உக்காருங்க, அது விலை ஜாஸ்தி" என்று மாமியார் சொன்னதும், எழுந்துவிடுவதா அப்படியே இருப்பதா என்று வந்தவர்கள் தவிப்பார்கள்.

அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அம்மாவான அந்த மாமியாரோடு அங்கே ஒரே குடித்தனமாக இருந்தார்கள். அண்ணன் மேடைக்கு லைட் போடுகிறவன். தம்பி பாடகன், குழுவும் அவனுடையதுதான். தம்பியின் மனைவி அதே குழுவில் கீபோர்டு வாசித்தாள். அவளைச் சின்னவள் என்றும் அண்ணன் மனைவியைப் பெரியவள் என்றும் வீட்டில் சொன்னார்கள்.

பெரியவளுக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்ருதி சேரவில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், "அது சேராட்டி போகுது, வயரு சேந்திருக்கா பாருங்க" என்பாள். டயர் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். யார் கையுறை இல்லாமல் உருளைக்குப் பக்கத்தில் போகிறார்கள், எந்த மெஷினின் மூடி கழன்றிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. தொழிற்சாலையை மூடிய பிறகு கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா என்பது பேச்சுக்குத்தான். கேஸ் குழாயை மாற்றினாள். மொட்டைமாடிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொத்தனாரை வரவழைத்தாள். குளியலறையில் வழுக்காத விரிப்பு வாங்கிப் போட்டாள்.

"இவளுக்கு எங்கயாச்சும் ஒரு ஃபாக்டரி பாத்துக் குடுங்கடா. இல்லாட்டி நம்ம வீட்டையே ஃபாக்டரி ஆக்கிடுவா" என்றாள் மாமியார்.

அந்தச் சமயத்தில்தான் மைதானக்காரர்களும் அரங்கக்காரர்களும், மேடையில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பாடகன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, நீங்க நம்ம குழுவுக்கு வந்துடுங்களேன். ஒரு ஹெல்மெட்டு, ஒரு விசிலு. சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நிக்கத் தெரியாதே தம்பி எனக்கு."

"அதைத்தான் நீங்க கத்துக்கணும்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நிகழ்ச்சியிலேயே வயர்கள் நடைவழியைக் கடக்கிற இடத்தில் எல்லாம் ரப்பர் பாய் விழுந்தது. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி இறங்கியது. உயரத்தில் ஏறுகிறவன் பெல்ட் மாட்டாமல் முதல் படியில் கால் வைக்கக் கூடாது. சாப்பிடாமலும் வைக்கக் கூடாது. டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காதை அடைச்சாச்சு. இனிமே மூக்குல பஞ்சு வைக்கிறதுதான் பாக்கி அக்கா."

"அதுக்கு நாள் இருக்கு. அதுவரைக்கும் காது கேக்கட்டும், மாட்டு."

அந்த ஏணி வேணாம், ஈரக் கையோட மைக்கைத் தொட வேணாம், அந்தப் பெட்டியை ஒத்தை ஆளாத் தூக்க வேணாம் என்று நாள் முழுக்க அவள் வாயில் வந்ததால், ஆட்கள் அவளுக்கு 'வேணாக்கா' என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். பிறகு, "வேணாக்கா பேசறேன், சொல்லு" என்று வாக்கி-டாக்கியில் அவளே பேச ஆரம்பித்ததும் கேலியில் சுவாரசியம் போய்விட்டது. பேர் மட்டும் நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆற்றங்கரை மைதானத்து நிகழ்ச்சி வந்தது.

அதுவரை அந்தக் குழு அடுத்தவர் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. கல்யாணம், கம்பெனி விழா, கடைத் திறப்பு. கேட்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். கை கழுவ எழுந்து போவார்கள். இந்த முறை பாடகன் தானே எழுதி, மெட்டமைத்த பாட்டுகள் மட்டும். ஒரு டிவி சேனல் நேரடியாக ஒளிபரப்ப ஒத்துக்கொண்டிருந்தது. நன்றாக அமைந்தால் மற்ற ஊர்களுக்கும் கூட்டிப்போவதாக அந்தச் சேனல் மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஜுரம் இருந்தது. சின்னவள் சாப்பிடும்போது இடது கை விரல்களால் தட்டின் விளிம்பில் வாசித்துக்கொண்டிருப்பாள். பாடகன் வெந்நீரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. "இப்படிப் பட்டினி கெடந்தா பாட்டு வராது, கொட்டாவிதான் வரும்" என்று மாமியார் மட்டும் முணுமுணுத்தாள்.

நிகழ்ச்சியன்று காலை மைதானம் ஈரமாக இருந்தது. லாரிகள் புல்லில் தடம் பதித்து நின்றன. அலுமினியச் சட்டங்களை ஆட்கள் தோளோடு தோளாகத் தூக்கி வந்து, போல்ட்டைச் செருகி முடுக்கினார்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, பட்டையால் இழுத்துக் கட்டினார்கள். பெரியவள் ஒவ்வொரு பட்டையையும் பிடித்து உலுக்கிக்கொண்டே போனாள். இரண்டைத் திரும்பக் கட்டச் சொன்னாள். மேடைக்குப் பின்னால் ஒரு வீட்டின் முகப்பளவு அகலத்தில் பெரிய திரை சங்கிலி மோட்டாரில் மேலேறியது. எதிரே, கூட்டம் வரப்போகிற இடத்துக்கு நடுவில் ஒரு டவர். அதன் உச்சியில்தான் லைட்காரனான அண்ணன் உட்கார்ந்து, தம்பி போகிற இடமெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பவேண்டும். அதை அவன் வேறு யாரையும் செய்ய விட்டதில்லை. "அவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு அவனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்பான்.

அவித்த முட்டையும் ரொட்டியும் டீயுமாக எல்லோரும் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தபோது பெரியவள் காற்று மீட்டரை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. உச்சியில் ஒரு குட்டி விசிறி.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மேடை கட்டின கம்பெனி ரெண்டு அளவு சொல்லியிருக்கு. காத்து முதல் அளவைத் தாண்டினா, அந்தப் பெரிய திரையைக் கீழ இறக்கணும். அது பாய்மரம் மாதிரி காத்தை வாங்கும். ரெண்டாவதைத் தாண்டினா மேடையிலயும் டவர்லயும் ஆள் இருக்கக் கூடாது. ஜனத்தையும் தள்ளி நிறுத்தணும்."

"வானம் கண்ணாடி மாதிரி இருக்கேக்கா" என்றான் டிரம்ஸ்காரன்.

"இருக்கட்டும். ஆத்துப் பக்கத்துல சாயந்திரம் காத்து திரும்பும். தம்பி, நான் நிறுத்துன்னா நிறுத்தணும். சரியா?"

பாடகன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வரியைத் தனக்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னா சரி அண்ணி" என்றான்.

சாயந்திரம் கூட்டம் வந்தது. புல்லில் துணி விரித்து உட்கார்ந்தவர்கள், குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள், நின்றவர்கள். பொழுது சாய்வதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. முதல் பாட்டுக்குக் கைதட்டல் மரியாதைக்கு வந்தது. இரண்டாவது பாட்டுக்கு நிஜமாக வந்தது.

மூன்றாவது பாட்டில் காற்று திரும்பியது. மேடையின் பக்கவாட்டில் நின்றிருந்த பெரியவள் மீட்டரைப் பார்த்தாள். முதல் அளவு தாண்டி, அங்கேயே நின்றது. வாக்கி-டாக்கியை எடுத்துத் திரையை இறக்கச் சொன்னாள். சேனல் மேலாளர் ஓடிவந்தார்.

"மேடம், லைவ் போயிட்டிருக்கு. ரெண்டு பாட்டு பொறுங்க."

"திரை இறங்கட்டும் சார். பாட்டு பாட்டுக்கு நடக்கட்டும்."

திரை மெதுவாக இறங்கி, பாடகனுக்குப் பின்னால் ஆறும் வானமும் தெரிந்தன. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்த ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். மேலாளரும் தன்னை மறந்து கைதட்டினார்.

ஐந்தாவது பாட்டு பாடகனுடைய பாட்டுகளிலேயே அவனுக்குப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். கூட்டத்தில் பேச்சு நின்றுபோயிற்று. பெரியவள் கையிலிருந்த மீட்டர் இரண்டாவது அளவைத் தொட்டது, இறங்கியது, மறுபடி ஏறித் தாண்டியது. அவள் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். டவரை நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தாழ்த்திவிட்டு மறுபடி மீட்டரைப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. மேற்கூரைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"மைக்கை அணைங்க. பாட்டை நிறுத்துங்க. மேடை ஆளும் டவர் ஆளும் இறங்கட்டும்."

"அக்கா, சரணம் முடியட்டுமா?" என்றான் சவுண்டுக்காரன்.

"வேணாம்."

குரல் பாதியில் அறுந்தது. பாடகன் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பெரியவள் அறிவிப்பு மைக்கை எடுத்து, கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னாள்: "காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஓடாதீங்க. நடந்தே ரெண்டு பக்க வேலியோரமாப் போங்க. குழந்தைங்களைத் தூக்கிக்கங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு கூச்சல் போட்டார்கள். யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை மேடைமேல் எறிந்தார்கள். ஆனாலும் நடந்து போனார்கள். லைட்காரன் பெல்ட் கொக்கியை ஒவ்வொரு படியாக மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

கூட்டம் வேலியோரம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் காற்று, வந்த வேலை முடிந்த ஆளைப்போலப் போய்விட்டது. ஆறு தட்டையாகக் கிடந்தது. மேடை நின்றது. டவர் நின்றது. ஒரு பல்புகூட உடையவில்லை. "ஆரம்பிக்கலாமில்ல?" என்று மேலாளர் கேட்டார். ஒவ்வொரு போல்ட்டையும் பட்டையையும் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுவேன் என்றாள் பெரியவள். பார்த்து முடித்தபோது சேனலில் வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். பாடகன் வண்டியில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் இல்லை. பாடகன் அறையிலேயே சாப்பிட்டான். அண்ணியிடம் அவன் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை; பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மாமியார் தபால்காரர் ஆனாள்.

"அவன் துண்டு எங்கன்னு கேக்கறான்."

"கொடியில காயுது அத்தை."

"கொடியில காயுதாம்டா!"

நடுவில் இருந்தது ஒரு மெல்லிய சுவர்தான். பெரியவள் சொன்னது அறைக்குள்ளேயே கேட்கும். இருந்தாலும் மாமியார் விடாமல் இரண்டு பக்கமும் சேதி சுமந்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது என்று லைட்காரன் சொன்னான்.

சேனல், மற்ற ஊர்களுக்கு வேறொரு குழுவை அழைத்துக்கொண்டது. அதைப் போனில் சொன்ன மேலாளர், "உங்க அண்ணி, புருஷன் டவர் மேல இருந்ததால கொஞ்சம் பதறிட்டாங்க போல. பொம்பளைங்க, பாவம். தப்பு சொல்ல முடியாது" என்றும் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வீடு முழுக்கக் கேட்டது. பணிமனை டீக்கடையிலும் இதே பேச்சுதான். குழு ஆட்கள் லைட்காரனை, "பொண்டாட்டி இறக்கிவிட்ட ஆளு" என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டான். ஆனால் பின்கட்டில் துணி உலர்த்தும்போது, ஈர வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கேட்டான்.

"என்னாலதானா?"

"எது?"

"நிறுத்தினது."

"இழுத்துப் புடிங்க. சுருக்கம் விழுது."

அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று அவனுக்குப் பட்டது. அவள் அழுது அவன் பார்த்ததில்லை; பார்க்கவும் விரும்பவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் பெரியவள் பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உயரம் ஏறுகிற பெல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளியில் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு பட்டையையும் பிரஷ்ஷால் தேய்த்து, நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மழையும் வெயிலும் படாத கொடியில் மாட்டினாள். சின்னவள் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தாள். உள்ளே லைட்காரன் ஒரு விளக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பாடகன் வந்து நின்றான்.

"அண்ணி."

மாமியார் சட்டென்று திரும்பினாள். தன் உத்தியோகம் போய்விட்டது அவளுக்குப் புரிந்தது.

"டீ போடட்டுமா?" என்றாள் பெரியவள்.

"டீ இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். மழுப்பாமச் சொல்லணும்."

"கேளு."

"அன்னைக்கு டவர்ல அண்ணன் இல்லாம வேற எவனாச்சும் இருந்திருந்தா, பாட்டை நிறுத்தியிருப்பீங்களா?"

உள்ளே திருப்புளி சத்தம் நின்றது. பெரியவள் கையிலிருந்த பெல்ட்டை வாளியில் போட்டாள்.

"நிறுத்தியிருப்பேன்."

"நிஜமா?"

"இன்னும் முன்னாடியே நிறுத்தியிருப்பேன்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த அளவு தாண்டினதும் வாக்கியை எடுத்துட்டேன் தம்பி. பேச வாயைத் திறந்துட்டேன். அப்பதான் உங்கண்ணன் மேல இருக்கார்னு உறைச்சுது. இப்ப நிறுத்தினா, புருஷனுக்காக நிறுத்திட்டான்னு சொல்வாங்களேன்னு நெனப்பு வந்துச்சு. கையைக் கீழ போட்டேன். இன்னொரு தரம் பாப்போம், இறங்குதா பாப்போம்னு நின்னேன். நீ ஒரு வரியை ரெண்டு தரம் பாடற நேரம் நின்னிருப்பேன். வேற ஒருத்தன் மேல இருந்திருந்தா ஒரு நொடி நின்னிருக்க மாட்டேன்."

ஓட்டிலிருந்து தண்ணீர் வரிசையாகக் கொட்டியது.

"எல்லாரும் என்னமோ அவரைக் காப்பாத்த நிறுத்தினேன்னு பேசறாங்க. நான் என் பேரைக் காப்பாத்த அவரை மேல உக்கார வச்சிருந்தேன். கீழ அத்தனை ஜனத்தையும் சேத்து. ஒண்ணும் ஆகல, சரி. ஆகாதது என் சாமர்த்தியம் இல்ல. அதான் சொல்றேன், இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. நான் வேணாம்."

லைட்காரன் திருப்புளியோடு வாசலில் வந்து நின்றான்.

"நல்லவேளை" என்றான். "இன்னும் கொஞ்சம் நல்ல பேரு வாங்கணும்னு நீ நெனச்சிருந்தா, நான் போய்ச் சேந்திருப்பேன்."

மாமியார் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு, "சீ, வாயைப் பாரு" என்று அவனை அதட்டினாள். பெரியவள் சிரிக்கவில்லை. முகத்தை வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. லைட்காரன் வந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்த பெல்ட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அதை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் அழுகையோடு அழுகையாக அவன் கையைத் திருத்தினாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் சின்னவள்.

சேலையை முழங்காலுக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். முட்டிக்கு மேலே கன்றிப்போன அடையாளம், நீலம் மாறி மஞ்சள் பாய்ந்து இருந்தது.

"என்னடி இது?" என்றான் பாடகன்.

"கீபோர்டு ஸ்டாண்டு. நாலாவது பாட்டுலயே நகர ஆரம்பிச்சுடுச்சு. அஞ்சாவதுல மேடைப் பலகையே நடுங்குச்சு. முட்டியைக் குடுத்துத் தாங்கிக்கிட்டே வாசிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பாடிட்டிருந்தீங்க. நீங்க அப்படிப் பாடி நான் கேட்டதே இல்ல. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அக்கா நிறுத்தினப்போ எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா வீட்டுக்கு வந்து உங்க மூஞ்சியைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டேன். அக்கா மேல பழி விழட்டும்னு நானும்தானே சும்மா இருந்தேன்?"

பாடகன் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கன்றிய இடத்தைத் தொடப் போய், வலிக்குமோ என்று கையை இழுத்துக்கொண்டான்.

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றான் மெதுவாக.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் மாமியார். "நான் டிவியிலதான பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று சாயந்திரம் மழை விட்டதும் பாடகன் டிரம்ஸ்காரனின் வீட்டுக்குப் போனான். அந்தப் பாட்டில் உனக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று கேட்டான். டிரம்ஸ்காரன் தலையைச் சொறிந்தான்.

"சிம்பல் தட்டு ரெண்டும் அடிக்காமலே ஒலிச்சுதுண்ணே."

"ஏன்டா நிறுத்தல?"

"நீங்க நிறுத்தலயே?"

திரும்பி நடந்து வரும்போது அவனுக்கே நினைவு வந்தது. கண்ணை மூடியிருந்தாலும் காலுக்குக் கண் மூடவில்லை. பலகை அசைந்ததை அவன் கால் உணர்ந்தது. மெட்டு உடம்புக்குள் இறங்கிவிட்டது, அதனால்தான் அதிர்கிறது என்று எண்ணிக்கொண்டு இன்னும் உருகிப் பாடினான். வீட்டுக்கு வந்து அதையும் அண்ணியிடம் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க போகக்கூடாது அண்ணி" என்றான்.

"மீட்டர் என் கையில வேணாம் தம்பி. மேல உங்கண்ணன், மேடையில நீ, உன் பக்கத்துல இவ. மொத்தக் குடும்பமும் அங்க இருக்கறப்போ என் கண்ணு எண்ணைப் பாக்குமா, உங்களைப் பாக்குமா? ஒட்டு உறவு இல்லாத ஆள் ஒருத்தர் அதைப் புடிக்கட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அப்படியே ஏற்பாடு ஆயிற்று. மேடை கட்டுகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அதிகம் பேசாதவர், யார் பாடினாலும் அவருக்கு ஒன்றுதான். மீட்டர் அவர் கைக்குப் போயிற்று. லைட்காரன் டவரில் ஏறுவதை விடவில்லை.

பெரிய நிகழ்ச்சி எதுவும் திரும்பி வரவில்லை. அந்தச் சேனலில் வேறு குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தது. பாடகன் அதை ஒரு நாள் முழுதாகப் பார்த்தான், பிறகு பார்க்கவில்லை. நூலகத்தை ஒட்டிய ஒரு சின்ன அரங்கத்தில் அவனுடைய பாட்டுகளைப் பாடக் கேட்டிருந்தார்கள். மைதானத்தில் பாட்டைப் பாதியில் கேட்டுவிட்டுப் போன யாரோ, மீதியைக் கேட்க வேண்டும் என்று அரங்கத்துக்காரரை நச்சரித்திருக்கிறார்கள்.

அதற்கான ஒத்திகைக்கு எல்லோரும் முன் அறையில் கூடினார்கள். பாடகன் நடுவில் நின்றான்.

"இன்னைக்குப் பாட்டு பழக வேணாம். நிறுத்தப் பழகுவோம்."

"அதுக்கு எதுக்குண்ணே ரிகர்சல்? எங்க வீட்ல நான் வாயைத் திறந்தாலே நிறுத்துன்னுதான் சொல்றா" என்றான் டிரம்ஸ்காரன்.

"யாருக்கு என்ன தோணினாலும் சரி. ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கப் போடுங்க. பாத்தவுடனே எல்லாரும் நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. அப்புறம் பேசிக்கலாம்."

முதலில் லைட்காரன் கையைக் குறுக்கே போட்டான். டிரம்ஸ்காரன் உருட்டிய உருட்டை நிறுத்த முடியாமல் மூன்று அடி தாண்டிப் போனான். அடுத்து சவுண்டுக்காரன். இந்த முறை எல்லோரும் நின்றார்கள். பாடகன் மட்டும் வரியை முடித்துவிட்டுத்தான் நின்றான். "தம்பி" என்றாள் பெரியவள் வாசலில் இருந்து. "ஆமா அண்ணி, வாய் நிக்க மாட்டேங்குது" என்றான். மாமியார் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளும் கையைக் குறுக்கே போட்டாள். எல்லோரும் நின்றார்கள். கொசு என்றாள்.

மறுபடி மறுபடி பழகினார்கள். மத்தியானம் ஆயிற்று. கடைசியில் அந்த ஐந்தாவது பாட்டை எடுத்தார்கள். மைதானத்தில் அறுந்துபோன இடத்தைத் தாண்டிப் பாட்டு போயிற்று. பாடகன் கண்ணை மூடவில்லை. ஆனாலும் குரல் அன்றைக்குப் போலவே இறங்கியது. சந்தில் போன இரண்டு பேர் ஜன்னலருகே நின்றுவிட்டார்கள். பாட்டு அதன் நல்ல இடத்துக்கு வந்தபோது சின்னவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, தலைக்கு மேலே குறுக்கே போட்டாள்.

பாடகன் வார்த்தையின் நடுவில் நின்றான். பாதி எழுத்து வாயிலேயே இருந்தது. டிரம்ஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள்கூட அசையவில்லை. பணிமனையில் ஒரு பேருந்து பின்னால் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

சின்னவள் கையை இறக்கினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "என்னால கையைப் போட முடியுதான்னு பாத்தேன்."

பாடகன் அவளைப் பார்த்தான். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"சரி" என்றான். "முதல்லேருந்து."